அந்தப் பக்கம் ஆள் இருக்கா

கிடங்கில் அவனை எல்லோரும் 'அப்டேட்' என்றுதான் கூப்பிடுவார்கள். வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர் இருக்கத்தான் இருக்கிறது. அதைச் சொல்லி யாராவது தேடி வந்தால் வாசல் காவலாளி கொஞ்ச நேரம் மேலே பார்த்து யோசித்துவிட்டு, "ஓ, அப்டேட்டா? அப்படிச் சொல்லுங்க" என்பார். நாற்பத்தெட்டு வயது, லேசான தொப்பை, இடுப்பு உறையில் ஒரு போன், சட்டைப் பையில் ஒரு போன், மணிக்கட்டில் கடிகாரம் என்ற பெயரில் இன்னொரு குட்டி போன். புதிதாக எந்த ஆப் வந்தாலும் முதல் ஆளாக இறக்கிப் பார்த்துவிட வேண்டும். முழுதாக வேகும்வரைகூடப் பொறுக்க மாட்டான். சோதனைப் பதிப்பு என்று அரைவேக்காட்டில் விடுவார்களே, அதற்குத்தான் அவன் காத்துக்கிடப்பான்.

காலையில் எழுந்ததும் நன்றாகத் தூங்கினோமா என்பது அவனுக்கே தெரியாது. கடிகாரம் சொல்ல வேண்டும். எழுபத்தொன்பது மதிப்பெண் வந்தால் உற்சாகமாகப் பல் தேய்ப்பான். ஐம்பத்திரண்டு வந்துவிட்டால் அதுவரை நன்றாக இருந்த உடம்பு திடீரென்று வலிக்க ஆரம்பிக்கும். தண்ணீர் குடிக்க ஒரு ஆப், நிமிர்ந்து உட்கார ஒரு ஆப், மூச்சை இழுத்து விடக்கூட ஒன்று. ஒருநாள் ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது போனைப் பார்த்து, "இன்னும் பதினோரு நிமிஷத்துல மழை வருமாம்" என்று மனைவியிடம் சொன்னான். கொடியிலிருந்து துணிகளை வாரிக்கொண்டு உள்ளே ஓடிவந்த அவள், "வந்ததும் சொல்லுங்க, அப்புறமா நனைஞ்சுக்கறேன்" என்றாள்.

வீட்டில் போன்களுக்கு ஒரு வாரிசு வரிசை இருந்தது. புதியது அவனுக்கு. அவன் கழித்தது மனைவிக்கு. மனைவி கழித்தது அக்காவுக்கு. கழித்தது என்பதுகூடச் சரியில்லை, அவள் கையிலிருந்து பிடுங்கியது என்றுதான் சொல்ல வேண்டும். பழகிய போனே போதும் என்று அவள் எவ்வளவோ கெஞ்சினாலும் ஒன்றரை வருடத்துக்கு ஒருமுறை அவளுக்குப் பதவி உயர்வு வந்துவிடும்.

அக்கா அவனைவிடப் பதினாறு வயது மூத்தவள். மூன்று மணி நேர பஸ் தூரத்தில் வேறொரு ஊரில், நான்காவது மாடியில், ஒரு கூடமும் ஒரு படுக்கையறையும் உள்ள வீட்டில் தனியாக இருந்தாள். ஒரு பெரிய அலுவலகத்தின் டெலிபோன் போர்டில் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம், "நாள் முழுக்க எல்லாரையும் எல்லாரோடயும் சேர்த்து வெச்சே களைச்சுப் போயிட்டேன்" என்று சிரிப்பாள்.

போர்டைப் பற்றி அவள் சொல்லும் ஒரு பேச்சை அவன் நூறு தடவையாவது கேட்டிருப்பான். "லைனைச் சேர்த்துட்டா வேலை முடிஞ்சுதுன்னு நினைப்பாங்க. முடியலை. இந்தப் பக்கம் ஒரு ஹலோ, அந்தப் பக்கம் ஒரு ஹலோ, ரெண்டும் நம்ம காதுல விழணும். ஆள் இருக்குன்னு தெரிஞ்சப்புறம்தான் நாம விலகணும். அந்தப் பக்கம் ஆள் இல்லேன்னா, இல்லேன்னு இவங்ககிட்ட சொல்லிடணும். சும்மா காத்துக்கிட்டே இருக்க விடக் கூடாது, பாவம்."

அப்படிப்பட்ட அக்கா தினமும் காலை ஏழு பத்துக்குத் தம்பிக்குப் போன் செய்வாள். இருபது நிமிடம் பேசுவாள். கழுத்து வலி எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்கு மாறியிருக்கிறது, லிப்ட் எத்தனை நாளாக ஓடவில்லை, எதிர்வீட்டுத் தையற்காரம்மா யாருடைய ரவிக்கையைச் சின்னதாகத் தைத்துவிட்டு அவங்கதான் குண்டாகிவிட்டார்கள் என்று சாதித்தாள், எல்லாம் வரும். அவனுக்கு அந்த நேரம்தான் வேலை தலைக்கு மேல் இருக்கும். மீன் சேமிக்கும் குளிர்பதனக் கிடங்கு அது. ஆறு குளிர் அறைகள். வெளிச்சுவரில் எல்லா அறைகளின் குளிரையும் காட்டும் எண்பலகை ஒன்று மினுக்கிக்கொண்டிருக்கும். ஆனால் அதைப் பார்த்து எழுதக் கூடாது. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கனத்த கோட்டைப் போட்டுக்கொண்டு, கதவைத் திறந்து உள்ளே போய், சுவரில் தொங்கும் வெப்பமானியைக் கண்ணால் பார்த்து, தாளில் எழுத வேண்டும்.

இந்த விதியைக் கண்டால் அப்டேட்டுக்கு எரிச்சலாக வரும். "சார், ஒரு சென்சார் போட்டா போன்லயே தெரிஞ்சிடும். இந்தக் காலத்துல போய் ஸ்வெட்டர் மாட்டிக்கிட்டு உள்ள ஓடிக்கிட்டிருக்கோம்" என்று மேலாளரிடம் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டான். மேலாளர் கோப்பிலிருந்து தலையைத் தூக்க மாட்டார். "எண் வெளியில இருக்குப்பா. மீன் உள்ள இருக்கு. போய்ப் பாரு."

ஆக, காலை ஏழு பத்துக்கு ஒரு காதில் அக்கா, மறுகையில் இரும்புக் கதவு. இரண்டு வருடத்துக்கு முன்பு அவன் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தான். போனை ராத்திரி சார்ஜரில் போட்டுவிட்டுப் படுப்பது அக்காவின் வழக்கம். காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அதைக் கழற்றுவாள். அவள் போனில் ஒரு ஆப்பைப் போட்டு, காலை ஐந்திலிருந்து ஒன்பதுக்குள் சார்ஜர் கழன்றால் 'எழுந்துட்டேன்' என்று தன் போனுக்குத் தானாக ஒரு மெசேஜ் வரும்படி செய்தான். அக்காவுக்கு எழுத்து மங்கலாகத் தெரியும் என்பதால் தன்னிடமிருந்து போகும் மெசேஜை அவள் போன் சத்தமாகப் படித்துச் சொல்லும்படியும் வைத்தான்.

"நீ ஒண்ணுமே செய்ய வேண்டாம்க்கா. போனைக் கழட்டினாலே நீ எழுந்துட்டேன்னு எனக்குத் தெரிஞ்சிடும்" என்று விளக்கினான்.

"உனக்குத் தெரிஞ்சா சரி. எனக்கு எப்படித் தெரியும், உனக்குத் தெரிஞ்சுதுன்னு?" என்றாள் அக்கா. போர்டில் உட்கார்ந்தவள் அல்லவா.

"நான்தான் பதில் போடுவேனே."

அந்தப் பதிலையும் ஆப்பிடமே ஒப்படைத்தான் என்பதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. ஆறு பதில்களை ஒரே மூச்சில் எழுதி வைத்தான். 'நல்லது அக்கா.' 'சரிக்கா, பார்த்து நட.' 'சந்தோஷம் அக்கா, நேரத்துக்குச் சாப்பிடு.' இப்படி. ஒருநாள் வந்தது மறுநாள் வராது, மாறி மாறிப் போகும். எழுந்துட்டேன் என்று வந்த நொடியிலேயே பதில் பறந்தால் இயந்திரம் என்று காட்டிக்கொடுத்துவிடும் என்று, ஒன்றிலிருந்து நான்கு நிமிடத்துக்குள் ஏதோ ஒரு நேரத்தில் போகும்படி தாமதமும் வைத்தான். வேலை முடிந்ததும் சாய்ந்து உட்கார்ந்து அதை ரசித்தான். பிள்ளை பிறந்ததுபோல் ஒரு பூரிப்பு.

மனைவிக்கு மட்டும் தெரியும். "அக்காகிட்ட பேசறதுக்குக்கூட ஆப்பா?" என்றாள்.

"அவங்க நல்லா இருக்காங்கன்னு தெரிஞ்சாப் போதாதா?"

"உங்களுக்குத் தெரியறது வேற. அவங்ககூடப் பேசறது வேற." அதற்குமேல் அவள் வாயைக் கொடுக்கவில்லை. அவனிடம் போன் விஷயத்தில் பேசி ஜெயித்தவர்கள் யாரும் இல்லை.

ஏழு பத்துப் போன் மெல்ல மெல்ல நின்றது. தம்பிதான் வேலைக்கு நடுவிலும் பதில் போட்டுவிடுகிறானே, அவனை வேறு எதற்குத் தொந்தரவு செய்வது என்று அக்கா விட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பேசிக்கொண்டார்கள். பிறகு சில ஞாயிற்றுக்கிழமைகளில். அவனுடைய இன்னொரு திரையில் அக்கா ஒரு நாளைக்கு எத்தனை அடி நடக்கிறாள் என்ற கணக்கும் வந்துகொண்டிருந்தது. ஆயிரத்து எண்ணூறு, இரண்டாயிரத்து நூறு. அக்காவைப் பற்றி இப்போது முன்பைவிட அதிகம் தெரிகிறது என்று அவன் மனதார நம்பினான்.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம் அக்காவின் போன் மென்பொருளின் சோதனைப் பதிப்பு ஒன்றைத் தூரத்திலிருந்தே ஏற்றினான். அன்று சாயந்திரம் அக்கா போனைக் கூடத்து மேஜையில் சார்ஜரில் போட்டுவிட்டுக் குளியலறைக்குப் போனாள். ஈரத் தரையில் கால் வழுக்கியது. இடுப்பு எலும்பு முறிந்தது. கத்தினாள். தையற்காரம்மா வீட்டில் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, கேட்கவில்லை. அது ஓய்வதற்குள் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனது. நகரவும் முடியவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு பிளாஸ்டிக் குவளையும் இருந்தன. அவ்வளவுதான் அவளுக்குத் துணை.

அந்த வாரம் அக்காவின் கட்டிடத்தில் மின்பெட்டியை மாற்றிக்கொண்டிருந்தார்கள். தினமும் காலை ஏழு மணிக்கு மின்சாரத்தை நிறுத்தி ஒன்பது மணிக்குக் கொடுப்பதாக மாடிப்படியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. போனுக்குச் சார்ஜரைக் கை கழற்றினால் என்ன, மின்சாரம் நின்றால் என்ன, இரண்டும் ஒன்றுதான். ஊரில் இருக்கிற எல்லா ஆப்பின் ஓட்டையையும் தேடிக் கண்டுபிடிக்கிறவன் தன்னுடையதில் இந்த ஓட்டையை யோசிக்கவே இல்லை. செவ்வாய்க்கிழமை சரியாக ஏழு மணிக்கு அவன் போனுக்கு 'எழுந்துட்டேன்' வந்தது. இரண்டரை நிமிடம் கழித்து, 'நல்லது அக்கா' போனது. அக்கா குளியலறைத் தரையில் கிடந்தபடி அதைக் கேட்டாள்.

செவ்வாய் சாயந்திரம் டீ குடித்துக்கொண்டே திரையைப் புரட்டியபோது அக்காவின் நடைக் கணக்கில் பூஜ்யம் இருந்தது. அவன் முகம் மலர்ந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஆனால் அதுதான் நடந்தது. புதிய பதிப்பில் ஒரு கோளாறு, அதை முதலில் பிடித்தது அவன். காலையில் அக்கா எழுந்திருக்கிறாள், மெசேஜ் வந்திருக்கிறது. எழுந்தவள் நடக்காமல் இருப்பாளா? நடந்திருக்கிறாள், எண்ணத்தான் போனுக்குத் தெரியவில்லை. சோதனைப் பதிப்புக்காரர்கள் எல்லாம் சேர்ந்து வைத்திருக்கும் குழுவில் படத்தோடு போட்டான். 'புதுப் பதிப்பில் நடைக் கணக்கு வேலை செய்யவில்லை. வேறு யாருக்காவது?' முகம் பார்த்திராத, 'பேட்டரி' என்ற பட்டப்பெயர் மட்டும் தெரிந்த நண்பர் ஒருவர் ஐந்தே நிமிடத்தில், 'எனக்கும் குறைச்சலாத்தான் காட்டுது தல. நல்லா பிடிச்சீங்க' என்று எழுதினார். மொத்தம் பதினான்கு பேர் கைதட்டினார்கள்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு மறுபடியும் 'எழுந்துட்டேன்'. மறுபடியும் ஒரு பதில் போனது. அன்றைக்கு முறை, 'சந்தோஷம் அக்கா, நேரத்துக்குச் சாப்பிடு.' அந்த நேரத்தில் அப்டேட் மூன்றாம் எண் அறைக்குள் மூக்கு உறைய நின்று, சுவரில் தொங்கும் வெப்பமானியைப் பார்த்து மைனஸ் பத்தொன்பது என்று எழுதிக்கொண்டிருந்தான்.

மத்தியானம் இரண்டு மணிக்குப் பார்த்தபோதும் நடைக் கணக்கில் பூஜ்யம். போனை ஒருமுறை அணைத்துப் போட்டால் சரியாகிறதா என்று பார்த்து, குழுவுக்கு அறிக்கை எழுத வேண்டும். அதற்காகத்தான் அக்காவைக் கூப்பிட்டான். நலம் விசாரிக்க என்று இப்போது சிலரிடம் சொல்கிறான், அது பொய். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. இன்னொரு முறை. புதுப் பதிப்பில் போன் சத்தமே போய்விட்டதோ என்று ஒரு சந்தேகம், அதுவும் ஒரு கோளாறாக இருந்தால் நல்லதுதான் என்று ஒரு நப்பாசை. போன் தொலைந்தால் தேடுவதற்கு ஒரு வசதி உண்டு. அழுத்தினால் ஊமையாக்கி வைத்த போன்கூட அபாயச் சங்கு மாதிரி அலறும். சோதித்துப் பார்ப்போம் என்று அழுத்தினான்.

நான்காவது மாடியில் அந்தப் போன் ஐந்து நிமிடம் அலறியது. தையற்காரம்மா ஊசியை விட்டுவிட்டு எழுந்து வந்து, "அக்கா, அந்த போனை என்னன்னு பாருங்க" என்று கதவைத் தட்டினாள். சத்தம் ஓய்ந்த இடைவெளியில் உள்ளேயிருந்து வாளியில் எதையோ தட்டும் ஓசை மெதுவாகக் கேட்டது. அக்கா அவளிடம் ஒரு சாவி கொடுத்து வைத்திருந்தாள்.

பத்து நிமிடத்தில் அவன் போன் அடித்தது. திரையில் 'அக்கா'. எடுத்தவன் ஹலோகூடச் சொல்லவில்லை. "அக்கா, அந்த போனை ஒருதடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணு" என்றான்.

"நான் எதிர்வீட்டுலேர்ந்து பேசறேங்க" என்றாள் தையற்காரம்மா. "உங்க அக்கா விழுந்து கிடக்காங்க. ரெண்டு நாளா கிடந்திருக்காங்க போல. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன். நீங்க கிளம்பி வாங்க."

குளிர்க் கோட்டோடு பஸ் ஏறியவன் பாதி வழியில்தான் அதைக் கழற்றினான். அந்த மூன்று மணி நேரத்தில் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டான். மறுபடி போனில் பேசிய தையற்காரம்மா மின்தடையைப் பற்றிச் சொன்னதும் மிச்சமும் விளங்கிவிட்டது. விளங்கியதும் முன் இருக்கையின் கம்பியில் நெற்றியை வைத்துக் குனிந்துகொண்டான். பக்கத்து இருக்கைக்காரர், "வாந்தி வருதா தம்பி, ஜன்னல் பக்கம் வாங்க" என்று இடம் மாறிக்கொண்டார்.

வியாழக்கிழமை அறுவை சிகிச்சை. பிழைத்துக்கொண்டாள். இனி கம்பு இல்லாமல் நடப்பது சிரமம், கம்போடு நடக்கவே பல மாதம் ஆகும் என்றார் டாக்டர். வெளியே வந்த தையற்காரம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க மட்டும் அந்தச் சத்தத்தைப் போடலேன்னா அவங்க கதை முடிஞ்சிருக்கும்" என்றாள். அந்த வார்த்தை அவனுக்குக் குடிக்கத் தண்ணீர் கிடைத்ததுபோல் இருந்தது. உட்கார்ந்த இடத்திலேயே குழுவில் எழுதினான். போன் என் அக்காவின் உயிரைக் காப்பாற்றியது என்று ஆரம்பித்து, அலற வைத்ததை விரிவாகச் சொல்லி, மற்றதை விட்டுவிட்டான். கைதட்டல்கள் கொட்டின. 'பேட்டரி' கண்ணீர் விடும் முகம் நான்கு போட்டிருந்தார்.

தையற்காரம்மா அதோடு நிறுத்தியிருக்கலாம். "உங்களை மாதிரி தம்பி யாருக்குக் கிடைக்கும்? உங்க மெசேஜை அந்த போன் படிக்கும் பாருங்க, இவங்க அதுகிட்டயே பதில் சொல்லுவாங்க. 'சாப்பிடறேன்ப்பா, நீயும் சாப்பிடு'ன்னு. எனக்கு எங்க வீட்டு வரைக்கும் கேக்கும். என் பிள்ளைங்க நாலு நாளைக்கு ஒரு பதில் போட்டாப் பெரிசு. இவங்க தம்பி நாலு நிமிஷத்துல போட்டுடறான்னு என்கிட்ட பெருமை அடிச்சுக்குவாங்க."

அவன் தலையாட்டினான். வேறு என்ன செய்ய முடியும்?

வெள்ளிக்கிழமை அக்காவுக்குத் தெளிவாகப் பேச வந்தது. குரல் மட்டும் கம்மியிருந்தது.

"ரெண்டு நாளும் காலையில உன் மெசேஜ் கேட்டுச்சு தம்பி" என்றாள். "நான்தான் போனைக் கழட்டவே இல்லையே, அப்புறம் எப்படிப் போச்சுன்னு புரியலை. மெஷின்ல ஏதோ தப்பு. இவன் பாவம், நான் எழுந்துட்டேன்னு நினைச்சு பதில் போடறான்னு நினைச்சுக்கிட்டேன். ஆனா அந்த நேரத்துல கேட்டதே தெம்பா இருந்துச்சு. என் நினைப்பா ஒருத்தன் காலையில உக்காந்து எழுதறானே, எப்படியும் சாயந்திரத்துக்குள்ள கூப்பிடுவான்னு, தண்ணியைக் குடிச்சுக்கிட்டு கிடந்தேன்."

"சரிக்கா, தூங்கு" என்று சொல்லிவிட்டு அவன் வராந்தாவுக்கு வந்தான். சுவரில் சாய்ந்து போனை எடுத்து அந்த ஆப்பைத் திறந்தான். ஆறு பதில்களும் வரிசையாக இருந்தன. அழிக்கவா என்று கேட்டது. அழித்துவிட்டால் போதும், அக்காவுக்கு எந்தக் காலத்திலும் தெரியப்போவதில்லை. விரலை வைக்கப்போன நேரம் பார்த்து, குழுவில் நிர்வாகியாக இருப்பவரே அவன் கதையை மேலே ஒட்டி வைத்து, எல்லோரும் படியுங்கள் என்று எழுதியிருப்பதாக ஒரு செய்தி இறங்கியது. அதைப் படிக்கப் போனான். அதற்கு வந்த பதில்களையும் படித்தான். அதற்குள் மருந்துச் சீட்டோடு கூப்பிட்டார்கள். அழிப்பது அப்படியே நின்றுபோனது.

அன்று சாயந்திரம் அக்கா, "வீட்டுல அந்த போன் தனியா கிடக்குடா. எடுத்துட்டு வா" என்றாள். எடுத்து வந்து கட்டிலுக்குப் பக்கத்திலேயே சார்ஜரில் போட்டான். போட்டபோதும் அவனுக்கு உறைக்கவில்லை. மூன்று நாளாகச் சரியாகத் தூங்காத மூளை.

சனிக்கிழமை காலை ஏழரை மணி. அக்காவை லேசாகச் சாய்த்து உட்கார வைத்து அவன் சூப் கொடுத்துக்கொண்டிருந்தான். இடது கையில் கிண்ணம், வலது கையில் ஸ்பூன். நர்ஸ் ஒருத்தி மருந்து ஏற்றும் கருவியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். சுவரைப் பார்த்தாள். "இந்த பிளக் எனக்கு வேணும்" என்று சொல்லிக்கொண்டே அக்காவின் சார்ஜரைப் பிடுங்கி மேஜையில் வைத்தாள்.

அவனுக்குப் பகீரென்றது. ஒன்றிலிருந்து நான்கு நிமிடம். அவன் வைத்த கணக்கு அவனுக்குத் தெரியாதா. போன் இடுப்பு உறையில் இருந்தது. கிண்ணத்தை வைத்துவிட்டு வெளியே போனால் அரை நிமிட வேலை.

"ஒரு நிமிஷம்க்கா, இதோ வந்துடறேன்" என்று எழுந்தான்.

அக்கா அவன் வலது மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தக் கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று அவன் நினைக்கவில்லை. "எங்க போறே, இரு. நீ பக்கத்துல இருக்கறப்பதான் நாலு வாய் இறங்குது" என்று வாயைத் திறந்தாள்.

அவன் உட்கார்ந்தான். ஒரு ஸ்பூன் கொடுத்தான். இன்னொன்று கொடுத்தான். கண் போனிலேயே இருந்தது, அவள் கழுத்துத் துண்டில் சூப் சிந்தியது. பேசாமல் இப்போதே சொல்லிவிடலாமா என்று நினைத்தான், அடுத்த ஸ்பூனை நீட்டினான். ஒருவேளை ஆப் இந்த முறை பழுதாகட்டும் என்று வேண்டிக்கொண்டான். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு கோளாறுக்காக ஏங்கினான். அது கச்சிதமாக வேலை செய்தது.

"தம்பியின் செய்தி" என்று மேஜைமேல் இருந்த போன் கணீரென்று சொன்னது. "சந்தோஷம் அக்கா, நேரத்துக்குச் சாப்பிடு."

அக்கா போனைப் பார்த்தாள். பிறகு ஸ்பூன் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். கிண்ணம் பிடித்திருந்த கையைப் பார்த்தாள்.

"ரெண்டு கையும் இங்கதானே இருக்கு" என்றாள்.

நர்ஸ் கருவியின் பொத்தான்களை அழுத்திக்கொண்டிருந்தாள்.

"எத்தனை நாளா?"

"ஆரம்பத்துலேர்ந்தேக்கா."

"எல்லாமேவா?"

"ம்."

அக்கா நினைவில் எதையோ தேடினாள். "போன வருஷம் எனக்குக் கண் ஆபரேஷன் ஆச்சே, மறுநாள் காலையில 'பார்த்து நட'ன்னு போட்டிருந்தே. கட்டு போட்ட கண்ணோட நடப்பாளேன்னு யோசிச்சுப் போட்டிருக்கான்னு எதிர்வீட்டுல போய்ச் சொன்னேன். அதுவுமா?"

"அதுவும்தான்க்கா."

அவள் கோபப்பட்டிருந்தால் அவன் தாங்கியிருப்பான். மணிக்கட்டைப் பிடித்திருந்த கையை மெதுவாக எடுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள். "அந்தப் பக்கம் ஆள் இல்லேன்னா, இல்லேன்னு சொல்லிடணும் தம்பி" என்றாள். போர்டில் புதிதாகச் சேர்ந்தவளுக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல் நிதானமாகச் சொன்னாள். "சூப் ஆறிப்போச்சு. போதும்."

தன் வீட்டுக்கு வந்துவிடச் சொல்லி அவன் அழைத்தான். மனைவி வந்து அழைத்தாள். அக்கா மறுத்துவிட்டாள். பகலில் பார்த்துக்கொள்ள ஒரு அம்மாளை வைத்துக்கொண்டு பழைய வீட்டுக்கே போனாள். ஆறு பதில்களை அவன் அழித்தான். குழுவிலிருந்து விலகினான், யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கிடங்கில் இப்போது கதவைத் திறந்து பார்க்கும் விதியைப் பற்றி முணுமுணுப்பதில்லை. உள்ளே நின்று, மீன் பெட்டிகளைப் பார்க்கும்போது அழுகை வந்துவிடுகிறது. செத்த மீன்களை மணிக்கு ஒருமுறை நேரில் போய்ப் பார்த்தவன், அக்காவை ஒருமுறைகூட எட்டிப் பார்க்கவில்லை. குளிரில் கண்ணில் நீர் வருவது சகஜம் என்பதால் யாரும் கவனிப்பதில்லை.

தினமும் காலை ஏழு பத்துக்கு, முதல் அறையின் வாசலில் நின்று, பத்து எண்களையும் விரலால் ஒவ்வொன்றாக அழுத்தி அக்காவைக் கூப்பிடுகிறான். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிடுவாள்.

"யாரு?"

"நான்தான்க்கா."

"இன்னைக்கு என்ன கலர் சட்டை?"

"நீலம்க்கா. கட்டம் போட்டது."

ஒருநாள் சட்டை, ஒருநாள் பக்கத்தில் நிற்பது யார், ஒருநாள் பின்னால் கேட்கும் சத்தம் எதனுடையது. அவன் ஒன்றுவிடாமல் பதில் சொல்கிறான். அவள் கவனமாகக் கேட்டுக்கொள்கிறாள்.

"சரி. ஆள் இருக்கு" என்கிறாள். உடனே வைத்துவிடுகிறாள்.

கழுத்து வலி இப்போது எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்க வேண்டும் என்று அவன் தினமும் நினைத்துக்கொண்டுதான் எண்ணை அழுத்துகிறான். லிப்ட் ஓடுகிறதா, தையற்காரம்மா இப்போது யாரோடு சண்டை என்றெல்லாம் கேட்க ஆசையாக இருக்கிறது. அதற்குள் லைன் போய்விடுகிறது. முப்பத்தொரு விநாடி என்று காட்டும் போனைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு, கதவைத் திறந்து உள்ளே போகிறான்.